கம் மரத்தடி வைரவர்

"நான் காசு ஒண்டும் வாங்கேல்லைத்தானே, பிறகு எனக்கென்ன பிரச்சினை?"

காணி வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்ததும் கேட்கப்போகிற முதல் கேள்வி இதுதான். நகரத்துக்கு வெளியே ஒரு காட்டுக் காணி, பக்கத்தில் ஓர் ஆறு அல்லது ஓடை. விடுமுறை வந்தால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். காணிக்காரர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அந்தச் சொல் எங்கள் ஆட்களின் வாயில் வராது. பிறகு எவராவது ஏதாவது சொல்லிப் பயமுறுத்தினால் சட்டத்தரணியிடம் ஓடி வருவார்கள். டண்டினோங்கில் அலுவலகம் வைத்திருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். சட்டப் பிரிவுகளை எழுதப் போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட வேகமாகப் போனில் தேடி எடுத்துவிடுவீர்கள். நான் சொல்லப்போவது ஒரு வழக்கு. சந்தோசமான வழக்கு இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயர்கள், ஊர், ஆறு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆகவே அது யார், இது யார் என்று கிண்டிக்கொண்டு திரியவேண்டாம்.

அதற்கு முன் அந்த முதல் கேள்விக்குப் பதில். இந்த விக்டோரியா மாநிலத்தில் சட்டம் காசைப் பார்த்துத் தொடங்குவதில்லை. காணி யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடம் அது கேட்பது, சுருக்கமாகச் சொன்னால், இவ்வளவுதான்: இங்கே ஆபத்து இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? ஆட்கள் வருவார்கள் என்று தெரியுமா? தெரிந்துகொண்டு என்ன செய்தாய்? சும்மா வந்தவன், காசு கொடுத்து வந்தவன், கேட்காமல் வேலி பாய்ந்தவன் என்று ஒவ்வொருவருக்கும் அளவு மாறும். ஆனால் முற்றாக ஒன்றும் இல்லை என்று ஆகாது.

டார்னெய்ட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை. பழைய தங்கச் சுரங்கப் பக்கம் ஒரு காட்டுக் காணி வாங்கி வைத்திருந்தார். "மேடம், கேட்லயே பெரிய போர்டு வெச்சிட்டேன். உள்ள வந்தா அவங்கவங்க பொறுப்புன்னு எழுதிட்டேன். இனிமே எவன் டென்ட் போட்டு எங்க விழுந்தா எனக்கென்ன?" என்று சிரித்தார். உள்ளே விழுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பழைய சுரங்கக் குழி ஒண்ணு இருக்கு. மேல பலகை போட்டிருக்கு." பலகை எப்படி இருக்கிறது? தம்பியின் சிரிப்பு நின்றது. "உளுத்துப் போச்சு மேடம்." அவரை அப்போதே எழுப்பி அனுப்பினேன். குழியை மூடிவிட்டு வாருங்கள், பிறகு பலகையில் எழுதியதைப் பற்றிப் பேசுவோம் என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார். ஆனால் மூடினார்.

கந்தவேள் அண்ணர் அதற்கு நேரெதிர். அவருடைய வாசலில் ஒரு பலகையும் இல்லை.

டண்டினோங்கில் தொழிற்சாலை வேலை செய்து, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தில் கிப்ஸ்லாந்துப் பக்கம் ஆற்றோரமாக ஒரு காணி வாங்கினார். கத்தரி, வெண்டி, முருங்கை எல்லாம் வைத்தார். கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வரும்போது பையில் மரக்கறி கொண்டு வந்து தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். கூடவே, "வாங்கோவன், வந்து ரெண்டு நாள் நிண்டிட்டுப் போங்கோ, காணி சும்மாதானே கிடக்கு" என்பார். அப்படித்தான் இளம் குடும்பங்கள் கூடாரத்தோடு போகத் தொடங்கின. ஒரு சதம் வாங்க மாட்டார். மனைவி மத்தியானம் ஒரு சட்டி சோறும் கறியும் கொண்டு வந்து கொடுப்பார். வாசலில் எச்சரிக்கைப் பலகை போடச் சொல்லி மகன் சொன்னதற்கு, "வீட்டுக்கு வாற சனத்துக்கு வாசலிலையே சாவைப் பற்றி எழுதி வைக்கிறதோ? விசரே உனக்கு?" என்று ஏசினாராம். விருந்தினரை வாசலில் வைத்து அபசகுனமாகப் பேச அந்த மனிதருக்கு வராது.

சுகன்யாவும் நிரோசனும் கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம்தான். ஒரு கோடை விடுமுறைக்கு அந்தக் காணிக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் பெரிய கம் மரம் ஒன்று, யூக்கலிப்டஸ் சாதி. அதன் நிழலில் கூடாரம் போட்டார்கள். இந்த நாட்டுக் கம் மரங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றே இல்லாத வெயில் நாளில், ஒரு சத்தமும் முன்னறிவிப்பும் இல்லாமல், ஆள் பருமனான கொப்பைக் கழற்றிப் போட்டுவிடும். சுகன்யா அரிசி கழுவ ஆற்றுக்குப் போயிருந்தாள். நிரோசன் கூடாரத்துக்குள் படுத்திருந்தான். அவள் திரும்பி வந்தபோது கூடாரம் இருந்த இடத்தில் கொப்பு இருந்தது.

மாதங்கள் கழித்து என்னிடம் வந்தாள். யாரோ வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார்கள். மெலிந்து, கை நகமெல்லாம் கடித்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். வழக்குப் போட விருப்பமா என்று கேட்டேன்.

"காசுக்கில்லை அன்ரி. அந்த அங்கிள் செத்த வீட்டுக்கு வரேல்லை. எட்டுச் செலவுக்கும் வரேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரேல்லை. ஒரு போன் கூட இல்லை. அவரின்ர காணியிலைதானே இவர் செத்தவர்? ஏன் வரேல்லை எண்டு எனக்குத் தெரியோணும்."

எங்கள் ஆட்களிடையே கலியாணத்துக்குப் போகாவிட்டால் சாட்டுச் சொல்லலாம். செத்த வீட்டுக்குப் போகாமல் விட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அழைப்பு இல்லாமலே போகவேண்டிய இடம் அது. பகையாளியும் வருவான். கந்தவேள் அண்ணர் போன்ற மனிதர் வராமல் விட்டார் என்றால் யாரோ தடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே விளங்கியது. பிறகு தெரிய வந்ததும் அதுதான். காணிக்கு அவர் போட்டிருந்த காப்புறுதிக் கம்பெனியின் சட்டத்தரணி, போகவேண்டாம், பேசவேண்டாம், ஒரு சொல்கூடச் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகள், இதைக் கவனியுங்கள். கவலை தெரிவிப்பது வேறு, பிழை என்னுடையது என்று ஒப்புக்கொள்வது வேறு. எங்கள் மாநிலச் சட்டத்தில் முதலாவது உங்கள் கட்சிக்காரருக்கு எதிராகப் போகாது. இரண்டாவது போகலாம். இந்த வித்தியாசத்தை அந்த மனிதருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தி, போய்க் கையைப் பிடித்து அழுதுவிட்டு வாருங்கள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று அனுப்பியிருக்கலாம். விளங்கப்படுத்த நேரம் செலவாகும். வாயை மூடு என்று சொல்வது சுலபம். அந்தச் சுலபம்தான் சுகன்யாவை என்னிடம் கொண்டுவந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

காணியைப் பார்க்கப் போனோம். எதிர்த்தரப்பு இளம் சட்டத்தரணியும் வந்திருந்தார். நல்ல பிள்ளை, புதுச் சப்பாத்து, சேற்றில் கால் வைக்கப் பயம். சுகன்யா வரவில்லை. நான் வரச் சொல்லவும் இல்லை. கந்தவேள் அண்ணர் தூரத்தில் வீட்டு வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பின் ஆளோடு சட்டத்தரணி நேரே பேசக்கூடாது. அதனால் ஒரு தலையாட்டலோடு கடந்து போனேன்.

மரம் நின்றது. விழுந்த கொப்பை அறுத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். மரத்தடியில் ஒரு கல். கல்லில் இரும்புச் சூலம் ஒன்று நட்டிருந்தது. திருநீறு பூசி, கற்பூரம் கொளுத்திக் கொளுத்திக் கல் கறுத்திருந்தது. காய்ந்த தேசிக்காய்ப் பாதிகள் கிடந்தன. இளம் சட்டத்தரணி அதைப் பார்த்துத் தோட்ட அலங்காரமா என்று என்னிடம் கேட்டார். ஏதோ சமயச் சாமான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் எவரும் பொழுது போகாமல் வைரவரை நடுவதில்லை. பிள்ளையாரை வைப்பார்கள், முருகனை வைப்பார்கள், அது ஆசைக்கு. வைரவர் காவல் தெய்வம். ஒரு காணியில், இத்தனை இடம் இருக்க, வீட்டிலிருந்து தள்ளி, குறிப்பாக ஒரு மரத்தின் கீழ் வைரவர் நிற்கிறார் என்றால் அந்த இடத்தில் யாரோ எதற்கோ பயந்திருக்கிறார்கள். அந்தக் கல் கறுத்திருந்த அளவைப் பார்த்தால் சூலம் விபத்துக்குப் பிறகு நட்டது இல்லை. அப்படியானால் விபத்துக்கு முன்பே அந்த மரத்தைக் கண்டு அவர்கள் பயந்திருக்கிறார்கள். ஆபத்து உனக்குத் தெரியுமா என்று சட்டம் கேட்கிறதே, அதற்கான பதில் திருநீறு பூசிக்கொண்டு என் முன்னால் நின்றது.

இன்னொன்றையும் பார்த்தேன். மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆற்றை ஒட்டி, நல்ல வெளியான புல்தரை இருந்தது. கூடாரத்துக்கென்றே செய்தது போன்ற இடம். அதை விட்டுவிட்டு ஏன் மரத்தடிக்குப் போனார்கள்? திரும்பி வந்ததும் சுகன்யாவிடம் கேட்டேன்.

அவள் சொன்னாள்:

"நான்தான் அன்ரி. இவர் ஆத்தோரம் போடுவம் எண்டவர். இவருக்குத் தண்ணி பாத்துக்கொண்டு படுக்கோணும். நான்தான் வேண்டாம், அதிலை வைரவர் இருக்கிறார், காவலாய் இருக்கும், அதிலையே போடுவம் எண்டனான். அவர் சிரிச்சுப்போட்டு வந்தவர்."

ஆஸ்பத்திரியில் வைத்தே இதை மாமியிடம் சொல்லியிருக்கிறாள். மாமி என்றால் நிரோசனின் தாய். ஒரே பிள்ளை அவன். அன்றிலிருந்து மாமி இவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நோபல் பார்க்கில் ஒரே வீட்டில் இரண்டு பெண்களும்தான். மாமி சமைத்துக் குசினியில் வைத்துவிட்டு அறைக்குள் போவார். இவள் வந்து போட்டுச் சாப்பிடுவாள். கோப்பையைக் கழுவி வைப்பாள். அவ்வளவுதான். ஏசினால் கூடத் தாங்கலாம் அன்ரி என்றாள்.

"நான்தானே அவரைக் கொன்றனான். மாமி கதைக்காமல் விடுறது நியாயம்தானே? அங்கை சமரசப் பேச்சு மேசையிலை நான் இதைச் சொல்லத்தான் போறன். பொய் சொல்ல என்னாலை ஏலாது."

எங்கள் வழக்கை வைத்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு சொல்லப்போவது இதைத்தான்: இவர்கள் வளர்ந்தவர்கள், நல்ல இடம் இருக்க மரத்தடியைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், கம் மரம் கொப்பு விழுத்தும் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவள் வாய் திறந்தால் அவர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி. ஆனால் எனக்கு வழக்கைவிட அவளைப் பற்றித்தான் பயம். நான்தான் கொன்றேன் என்று அவள் தன் வாயால் ஒரு மேசையில் சொல்லி, நாலு பேர் அதை எழுதிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அந்தப் பிள்ளை பிறகு எழும்பாது. பொய் சொல்லச் சொல்லவில்லை, கொஞ்சம் பொறு, உன் முறை வரும்வரை பொறு என்று மட்டும் சொன்னேன்.

சூலத்தை என்ன செய்வது? எழுத்தில் கேள்வி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் பதிலை அவருடைய சட்டத்தரணிகள் எழுதுவார்கள். சமய வழிபாட்டுக்காக வைக்கப்பட்டது என்று வரும். அது பொய்யில்லை. ஆனால் அதில் உண்மையும் இருக்காது. கந்தவேள் அண்ணரின் வாயிலிருந்து, அவருடைய தமிழில் வந்தால்தான் பிரயோசனம். அதனால் நான் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். மேசையில் கேட்கிறபோது அவர் "ஊர் வழக்கம்" என்று சொல்லிவிட்டால் என் கையில் ஒன்றும் மிஞ்சாது. பல நாள் நித்திரை இல்லை. செய்வதா விடுவதா என்று யாரையும் கேட்கவும் வழியில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்குள் போவதற்கு முன் சமரசப் பேச்சு. நகரத்தில் ஒரு கட்டடம், கண்ணாடி அறை, நீண்ட மேசை. நடுவராக ஒரு பெண், நிதானமானவர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர். கந்தவேள் அண்ணர் கோயிலுக்குப் போகிற சட்டையும் திருநீறுமாக வந்திருந்தார். ஆள் பாதியாகப் போயிருந்தார். சுகன்யாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். அவருடைய சட்டத்தரணி கையை வைத்து இருத்தினார்.

எதிர்த்தரப்பு பேசியது. நான் எதிர்பார்த்தது ஒவ்வொன்றும் வந்தது. குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "தாங்களாகவே தேர்ந்தெடுத்த இடம்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் சுகன்யா குறுகினாள். அவள் வாய் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தது. இனிப் பொறுத்தால் பிந்திவிடும்.

நடுவரிடம், கந்தவேள் அண்ணரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்றேன். அவருடைய சட்டத்தரணி உடனே மறுத்தார். நடுவர், கேட்பதைக் கேட்கட்டும், பதில் சொல்வதும் விடுவதும் அவர் விருப்பம் என்றார்.

ஏன் வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் மனிதன் காரணம் தேடுவான்.

"அண்ணை, அந்த வைரவரை எப்ப வைச்சனீங்கள்?"

அறையில் எங்கள் நாலைந்து தமிழரைத் தவிர வேறு ஒருவருக்கும் அந்தக் கேள்வி விளங்கவில்லை. மொழிபெயர்த்த பிறகும் விளங்கவில்லை. அவருடைய சட்டத்தரணி, இதற்கும் வழக்குக்கும் என்ன தொடர்பு, பதில் சொல்லத் தேவையில்லை என்று அவர் காதுக்குள் சொன்னார். கந்தவேள் அண்ணர் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மேசையின் மேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தெய்வத்தை வைத்து அவரை மடக்குகிறேன் என்று எனக்குத் தெரியும்.

"முதல் கொப்பு விழுந்த பிறகு" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிட்டார். நடுவர் அவரைப் பார்த்தார். கந்தவேள் அண்ணர் நிற்கவில்லை.

"அதுக்கு முந்தின கோடையிலை விழுந்தது. மனிசி மரத்துக்குக் கீழை இருந்து முருங்கையிலை ஆய்ஞ்சு கொண்டிருந்தவ. அருந்தப்பு, மயிரிழையிலை தப்பினவ. அவ பயந்து காய்ச்சலே வந்திட்டுது. மரத்தை வெட்டக் கவுன்சிலிலை அனுமதி எடுக்கோணும் எண்டாங்கள். வேலி அடைச்சு விடு எண்டு மகன் சொன்னவன். நான் வைரவரை வைச்சன். வைச்சிட்டு, இனிக் காவல் இருக்கு எண்டு விட்டிட்டன். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான்."

அவருடைய சட்டத்தரணி பேனையை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. அங்கே சொன்னதை நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாதுதான். ஆனால் கம்பெனியின் அனுமதி இல்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் நாங்கள் பணம் கட்டமாட்டோம் என்று காப்புறுதிக்காரர் விலகிக்கொள்ளலாம். விலகியிருந்தால் அந்தக் காணி போயிருக்கும். கந்தவேள் அண்ணருக்கு அது தெரியும், முன்பே சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். தெரிந்துகொண்டுதான் பேசினார்.

அப்போது சுகன்யா பேசினாள். நான் தடுக்கவில்லை.

"அங்கிள், நான்தான் வைரவருக்குப் பக்கத்திலை போடுவம் எண்டனான். அவர் வேண்டாம் எண்டவர்."

கந்தவேள் அண்ணர் இப்போதுதான் அவளை நேரே பார்த்தார்.

"நீ சாமியை நம்பி வந்தனி, பிள்ளை. அதை அதிலை வைச்சது நான். அந்தச் சூலம் இல்லாட்டி நீங்கள் ஆத்தோரம்தானே போட்டிருப்பியள்? நான்தான் உங்களை அதுக்குக் கீழை கூப்பிட்டனான்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் நடுவர் இடைவேளை என்றார். சுகன்யா மேசையில் தலையை வைத்து அழுதாள். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். சட்டத்தரணி அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

அன்றைக்கே வழக்கு முடிந்தது. காப்புறுதிக்காரர் விலகவில்லை. நீதிமன்றத்தில் அந்த மனிதர் சாட்சிப் பெட்டியில் ஏறினால் என்ன சொல்வார் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. எவ்வளவுக்கு முடிந்தது என்று கேட்காதீர்கள். அது நிரோசனின் விலை இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். லிப்டுக்குப் பக்கத்தில் கந்தவேள் அண்ணர் காத்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, நான் உனக்கு என்ன செய்ய?" என்று சுகன்யாவிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"வீட்டை வந்து மாமியிட்டைச் சொல்லுங்கோ."

அவருடைய சட்டத்தரணி வேண்டாம் என்றார். நான்கூட, இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்ப்போம் என்றேன். இரண்டு பேர் சொன்னதையும் அவர்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. சட்டத்துக்கு முடிந்துபோன விசயம் அவர்களுக்கு இனித்தான் தொடங்குகிறது என்பதை நான் அங்கே நின்றபடிதான் விளங்கிக்கொண்டேன். நீங்களும் விளங்கிக்கொள்ளுங்கள். வழக்குக் கோப்பை மூடுவது உங்கள் வேலை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும்.

குளிர்காலம். நோபல் பார்க் போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. சுகன்யாவை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் தன் காரில் பின்னால் வந்தார். வாசலில் இரண்டு மூன்று சீமெந்துப் படிகள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம்.

மாமி முன் அறையில் இருந்தார். சின்ன உருவம். வெள்ளைச் சேலை, தோளில் ஒரு கம்பளி. மகனின் படத்துக்கு விளக்கு வைத்திருந்தது. கந்தவேள் அண்ணர் கதிரையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். மேசையில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். முதல் கொப்பு, மனைவியின் காய்ச்சல், மகன் அடைக்கச் சொன்ன வேலி, வைரவர். கடைசியில், "அம்மா, உங்கடை பிள்ளை செத்தது என்னாலைதான். இந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை" என்றார்.

மாமி கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை.

"செத்த வீட்டுக்கு ஏன் வரேல்லை?"

"போகவேண்டாம் எண்டு மறிச்சவை."

"ஆர்?"

"சட்டத்தரணிமார்."

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். மறித்தது நானில்லை. நான் மற்றப் பக்கம். ஆனாலும் குனிந்துகொண்டேன்.

"அவன் ஆத்தோரம் போடுவம் எண்டவனாம்" என்றார் மாமி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அவனுக்குச் சின்னனிலையிருந்தே தண்ணியைக் கண்டாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்." பிறகு கந்தவேள் அண்ணரிடம், "சொல்லிப்போட்டியள்தானே. எழும்பிப் போங்கோ" என்றார். நின்றுகொண்டிருந்த மனிதரிடம் அப்படித்தான் சொன்னார்.

அவர் கும்பிட்டார். மாமி கும்பிடவில்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். படியில் நின்று இருட்டுக்குள் சப்பாத்தைக் காலால் தடவித் தேடுகிற சத்தம் உள்ளே கேட்டது. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டபடி இருந்தோம்.

"பிள்ளை" என்றார் மாமி. "வெளி லைற்றைப் போட்டு விடு. அந்த மனுசன் படியிலை தடக்கி விழுந்திடும்."

சுகன்யா அசையவில்லை. மாமி தன்னோடுதான் பேசினார் என்பது விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு எழும்பிப் போய் லைற்றைப் போட்டாள்.